லிஃப்ட் இருக்கு, அக்கா

தையற்காரர் ஐம்பது வயதுக்குள் சொல்லியிருந்த பொய்கள் அதிகமில்லை. அவற்றிலும் பெரும்பாலானவை, "நாளைக்குக் கண்டிப்பாத் தந்துடறேன்" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னவை. அது தொழிலோடு ஒட்டிப் பிறந்தது, அதைக் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று அவர் தன் மனதைத் தேற்றி வைத்திருந்தார். ஆனால் அக்காவிடம் தொலைபேசியில் சொன்ன பொய்க்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

அக்கா சொந்த நாட்டில் இருந்தாள். தம்பி கடல் தாண்டி வந்து தையற்கடை வேலையில் சேர்ந்து பல வருஷமாகியும் அவன் வீட்டை அவள் பார்த்ததில்லை. அழைக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு. கடைசியில் ஒருநாள், கல்லில் நார் உரித்த மாதிரி, மனம் இளகினாள்.

"சரிடா, வர்றேன். மூணாவது மாடின்னு சொன்னியே, படி ஏறணுமா? என் முட்டி ரெண்டும் வேலைநிறுத்தம் பண்ணிட்டு இருக்கு. படின்னா நான் வரலை."

அவர்கள் குடியிருந்தது பழைய கட்டடம். படிதான் உண்டு. அதுவும் செங்குத்தான படி. 'இந்தத் தடவை விட்டால் இனி வரவே மாட்டாள்' என்ற பயம் தையற்காரரைப் பிடித்தது. வாயிலிருந்து வந்ததோ வேறொன்று.

"லிஃப்ட் இருக்கு, அக்கா."

போனை வைத்ததும் திரும்பிப் பார்த்தார். மனைவி கையில் கரண்டியோடு நின்றாள்.

"எங்கங்க இருக்கு லிஃப்ட்? இத்தனை வருஷமா எனக்குக் காட்டாம ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"நான்தான் லிஃப்ட். நான் தூக்கிட்டு வருவேன்."

மனைவி அவரை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். அப்படிப் பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. "போன வாரம் ஒரு தண்ணி கேனைத் தூக்கிட்டு வந்து காலையில சோபாவில சாஞ்சீங்க. சாயங்காலம்தான் எழுந்தீங்க. உங்க அக்கா தண்ணி கேனாங்க?"

"வேற யாரையாவது தூக்கச் சொல்லலாம்தான். ஆனா அக்கா வெளி ஆம்பளை கை படவிட மாட்டா."

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா வரமாட்டா."

அன்று இரவு சாமி படத்தின் முன் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். வேண்டுதல் சுருக்கமானதுதான்: பொய்யை மன்னித்து, அதை உண்மையாக்கும் பலத்தையும் கொடு. மறுநாள் தையற்கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஜிம்முக்குள் நுழைந்தார்.

நுழைந்தபோது அவர் போட்டிருந்தது இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், பெல்ட். புது இடத்துக்குப் போகும்போது அப்படித்தானே போகவேண்டும்? பழக்க தோஷத்தில் கழுத்தில் இஞ்ச் டேப்பும் தொங்கியது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று, "யாருக்கு அளவெடுக்கணும்?" என்று கேட்டாள்.

"எனக்குத்தாம்மா. நான் சேரணும்."

அவள் பயிற்சியாளரைக் கூப்பிட்டாள். வந்தவன் நல்ல பையன், சிரித்த முகம். அவன் தன் மொழியில் என்ன மரியாதைச் சொல்லைச் சொன்னானோ, தையற்காரரின் காதில் அது 'அண்ணே' என்றுதான் விழுந்தது.

"சொல்லுங்கண்ணே, உங்க குறிக்கோள் என்ன? தொப்பை குறையணுமா? மார்பு விரியணுமா?"

"அக்காவைத் தூக்கணும்."

பயிற்சியாளர் ஒரு நிமிஷம் யோசித்தான். "எங்க?"

"மூணாவது மாடிக்கு."

"அக்கா என்ன வெயிட்?"

தையற்காரர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதை யாரு தம்பி கேக்கறது?"

"கேட்டாத்தானேண்ணே பயிற்சி கொடுக்க முடியும்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று மாலையே தையற்காரர் அக்காவை அழைத்தார். சுகம் விசாரித்தார். மழை விசாரித்தார். பக்கத்து வீட்டுக்காரி சண்டையை விசாரித்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏன் அக்கா, இப்பல்லாம் உடம்பு எப்படி இருக்கு? அதாவது... எவ்வளவு இருக்கு?" என்றார்.



"என்னடா, என்னைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடப் போறியா?"

"இல்லக்கா, விமானத்துல கேக்கறாங்க..." என்று தொடங்கி, இரண்டாவது பொய் வாசல்வரை வந்துவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "சும்மாதான் கேட்டேன்."

"கல்யாணத்தப்ப எவ்வளவு இருந்தேனோ அவ்வளவுதான் இப்பவும்" என்றாள் அக்கா. அவளுக்குக் கல்யாணமாகி, இப்போது பேரனே கல்லூரிக்குப் போகிறான். தையற்காரர் பயிற்சியாளரிடம் போய், "கொஞ்சம் கூடவே வச்சுக்குங்க தம்பி" என்றார்.

முதல் நாள் அவரை ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். இத்தனை வருஷம் தையல் மிஷினை மிதித்தவர் என்பதால் மிதிக்கும் இடத்தைத் தேடிக் குனிந்தார். மிதிக்காமலேயே அது ஓடத் தொடங்கியது. தரை பின்னால் போனது. அவரும் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் வரவேற்பு மேசைக்கு அருகில் உட்கார்ந்த நிலையில் வந்து சேர்ந்தார்.

"வணக்கம்மா" என்றார், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

அதன்பிறகு பயிற்சியாளர் மண் நிரப்பிய நீள மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். அதை முதுகில் சுமந்து, ஜிம்மின் மூலையிலிருந்த மரப்படியில் ஏறி, மேலே இறக்கிவைக்க வேண்டும். "இதுதான் உங்க அக்கான்னு நினைச்சுக்குங்க" என்று பயிற்சியாளர் விளையாட்டாகச் சொன்னான்.

விளையாட்டாகச் சொன்னதைத் தையற்காரர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் மூட்டையைச் சுமந்துவிட்டுத் தொப்பென்று போடுவார்கள். அவர் முழங்காலிட்டு மெதுவாக இறக்கிவைப்பார். மேலே படிந்த தூசியைத் தட்டிவிடுவார். சுவரில் சாய்த்து உட்காரவைத்தால் ஒரு பக்கம் சரிகிறது என்று, பின்னால் தன் துண்டைச் சுருட்டி அணை கொடுப்பார். ஒருநாள் யாரோ அதைக் காலால் நகர்த்திவிட, "ஐயோ, காலால தள்ளாதீங்க!" என்று ஓடிவந்தார்.

காலால் நகர்த்தியவன் அந்த ஜிம்மிலேயே பெரிய ஆள். தையற்காரர் மனதுக்குள் அவனுக்கு மலை என்று பெயர் வைத்திருந்தார். கதவில் அவன் நேராக நுழைந்து யாரும் பார்த்ததில்லை, பக்கவாட்டில்தான் நுழைவான். மலை மூட்டையையும் தையற்காரரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தான். "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்று மூட்டையிடம் சொன்னான். ஜிம்மே சிரித்தது. அன்றிலிருந்து, "அக்கா இன்னைக்கு ஃப்ரீயா? கொஞ்சம் தூக்கிக்கலாமா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

மனைவிக்கு இந்த வேடிக்கை பிடிபடவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவர், "இன்னைக்கு அக்காவை ரெண்டு தடவை படியேத்தினேன். மலைகூட ஒரு தடவை தூக்கினான்" என்றார். அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த இடத்தில் தையற்காரரின் நல்ல மனசு குறுக்கே வந்தது.

ஜிம்முக்கு வருகிறவர்களின் உடுப்பைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு உழைக்கிறார்கள், இவ்வளவு வியர்வை சிந்துகிறார்கள், போட்டுக்கொள்ள ஒழுங்கான துணி இல்லையே! பயிற்சியாளரின் சட்டை, சின்ன வயதில் வாங்கியதை இன்னும் போடுகிறான் போலிருக்கிறது, மூச்சு விட்டால் தெறித்துவிடும். அதிலும் மலையின் நிலைமை கொடுமை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்பு பனியன். கைக்குழி இரண்டு பக்கமும் கிழிந்து இடுப்புவரை தொங்கியது. தோளில் துணி என்று பேருக்கு இரண்டு கயிறு. பாவம், இவ்வளவு பெரிய உடம்பை வளர்த்தவனுக்கு ஒரு ஊசி நூல் பிடிக்க ஆளில்லை.

கையில் தொழில் இருக்கிறது. கண்ணெதிரே கிழிசல் இருக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் கடவுள் கேட்கமாட்டாரா?

கேட்டால் மலை கூச்சப்படுவான் என்று தோன்றியது. செய்கிற உதவியைச் சத்தமில்லாமல் செய்வதுதான் முறை. மலை தன் பனியனை உடைமாற்றும் அறையில் கொக்கியில் காயப்போட்டுவிட்டுப் போவது வழக்கம். தையற்காரர் அதை மடித்துப் பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கைக்குழியை அக்குள் வரை அழகாக மூடி, உள்ளே இரட்டைத் தையல் போட்டு, கழுத்தையும் கொஞ்சம் உயர்த்தி, மிச்சத் துணியில் சின்னதாகக் கையும் வைத்துத் தைத்தார். இஸ்திரி போட்டார். மாலையில் மலை வருமுன் கொக்கியில் மாட்டிவிடலாம் என்று வேகமாக நடந்தார்.

மலை அன்று சீக்கிரம் வந்துவிட்டான்.

ஜிம்முக்குள் ஒரே அமளி. "என் பனியன்! இங்கதான் மாட்டினேன்! போட்டிக்குப் போட்டுட்டுப் போற பனியன்!" என்று மலை குமுறிக்கொண்டிருந்தான். வரவேற்பு மேசைப் பெண் அறை அறையாகத் தேடிக்கொண்டிருந்தாள். தையற்காரர் கையில் இஸ்திரி மடிப்போடு உள்ளே வந்து நின்றார்.

"தம்பி, இந்தாங்க. சரி பண்ணிட்டேன்."

மலை அதை வாங்கினான். பார்த்தான். புரியவில்லை. தலைக்குமேல் தூக்கி உள்ளே நுழைந்தான். தலை வெளியே வரவில்லை. ஒரு கை மட்டும் எப்படியோ அந்தச் சின்னக் கைக்குள் போய், மணிக்கட்டோடு நின்றது. இன்னொரு கை வழி தேடி உள்ளே அலைந்தது. கடைசியில் இரண்டு கையும் மேலே, முகம் உள்ளே, வயிறு வெளியே என்ற கோலத்தில், யாரோ துப்பாக்கி காட்டியதுபோல மலை அசையாமல் நின்றான்.

"யாராவது இருக்கீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணே" என்றான் பயிற்சியாளர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது கிழிசல் இல்லைண்ணே. கடையிலயே அப்படித்தான் விக்கிறாங்க."

தையற்காரருக்கு உலகமே ஒரு சுற்றுச் சுற்றியது. "கடையிலயா? கைக்குழியை இடுப்பு வரைக்குமா? தெரிஞ்சேவா?"

வரவேற்பு மேசைப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. "உடைமாத்துற ரூம்ல இருந்து அடுத்தவங்க துணியை எடுத்தா உடனே வெளியேத்தணும்னு விதி இருக்கு சார். நான் என்ன பண்ண முடியும்?"

தையற்காரருக்கு அக்காதான் நினைவுக்கு வந்தாள். அடுத்த வாரம் அக்கா விமானம் ஏறுகிறாள். மூட்டை இப்போதுதான் முதுகில் ஒழுங்காக உட்காரத் தொடங்கியிருக்கிறது. இப்போது வெளியே அனுப்பினால், அக்கா கீழ்த்தளத்தில் நின்று, 'எங்கடா லிஃப்ட்?' என்று கேட்பாள். 

ஆனாலும் முதலில் உள்ளே சிக்கியவனை வெளியே எடுக்க வேண்டுமே. "நகராதீங்க தம்பி, பிரிச்சுடறேன்" என்று சொல்லி, பெஞ்சின் மேல் ஏறி, சட்டைப்பையிலிருந்த தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்து மலையின் அக்குளில் வைத்தார். அவ்வளவுதான். மலைக்கு அக்குளில் கூச்சம் என்பது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. "ஹிஹிஹி... வேண்டாம்... ஹிஹி" என்று பனியனுக்குள்ளேயே குலுங்கினான். பெஞ்ச் ஆடியது. பெஞ்சோடு தையற்காரரும் ஆடினார். பயிற்சியாளர் ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இரட்டைத் தையல் போட்டதற்காக வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைத்தானே நொந்துகொண்டார். ஒவ்வொரு இழையாகப் பிரியப் பிரிய, ஒவ்வொரு 'ஹிஹி'யாக வெளியேறி, கடைசியில் மலையின் முகம் சிவந்து வெளியே வந்தது.

"எதுக்கு அண்ணே இப்படிப் பண்ணினீங்க?"

தையற்காரர் பெஞ்சிலிருந்து இறங்காமலேயே சொன்னார். "நீங்க கஷ்டத்துல இருக்கீங்கன்னு நினைச்சேன் தம்பி. நீங்க மட்டுமில்ல, இங்க எல்லாருமே. கேட்டா மனசு சங்கடப்படும்னுதான்... கேக்காம எடுத்தது தப்பு. என்னை வெளியேத்தினா நியாயம்தான்."

மலை பனியனைப் புரட்டிப் பார்த்தான். இஸ்திரி மடிப்பைத் தடவிப் பார்த்தான். பிறகு மேசைப் பெண்ணிடம் திரும்பி, "என் பனியன் காணாமப் போகலையே. தைக்கத்தான் போயிருந்தது. இதோ வந்துடுச்சு" என்றான்.

"அப்ப புகார் இல்லையா?"

"புகார் என்ன? எங்கம்மாவுக்கு அப்புறம் என் துணியை ஒருத்தர் இஸ்திரி போட்டது இன்னைக்குத்தான்."

சின்னக் கருணைதான். சொன்னவனுக்கு ஒரு மூச்சு செலவு, கேட்டவருக்கு ஒரு வாரப் பயிற்சி மிஞ்சியது. மறுநாள் மலை ஒரு பை நிறையப் பேண்டுகளோடு வந்தான். தொடை நுழைந்தால் இடுப்பில் சாக்குப்பை மாதிரி நிற்கும், இடுப்புப் பிடித்தால் தொடை நுழையாது. எந்தக் கடையிலும் அவனுக்குப் பேண்ட் இல்லை. இந்தத் தடவை தையற்காரர் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, அளவெடுத்துத் தைத்தார்.

அக்கா வந்தாள்.

டாக்ஸியிலிருந்து ஊன்றுகோலோடு இறங்கி, தம்பியின் கன்னத்தைத் தடவி, "ஏன்டா இப்படி வத்திப்போயிட்டே? சோறு போடறாளா இல்லையா?" என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தாள். மனைவி சிரித்துக்கொண்டே பெட்டியை இறக்கினாள். வேடிக்கை இனிமேல்தான் என்று அவளுக்குத் தெரியும்.

படிக்கட்டின் முன் அக்கா நின்றாள். "லிஃப்ட் எங்க?"

தையற்காரர் திரும்பி நின்று முழங்காலை மடித்துக் குனிந்தார். "ஏறு அக்கா."

"எதுல?"

"என் முதுகுல. இதுதான் லிஃப்ட். நான் பொய் சொல்லிட்டேன் அக்கா. உண்மையைச் சொன்னா நீ வரமாட்டேன்னு பயம்."

அக்கா அந்த முதுகை ஊன்றுகோலால் தட்டிப் பார்த்தாள். "இதுக்குக் கரண்ட் இருக்கா?" என்று கேட்டாள்.

அதற்குள் உள்ளிருந்து இரண்டு உருவங்கள் வெளிப்பட்டன. பயிற்சியாளரும் மலையும். மலையின் கையில் ஒரு நாற்காலி. 'வேண்டாம்' என்று தையற்காரர் சொல்லியும் கேட்காமல் வந்திருந்தார்கள். மலை புதுப் பேண்ட் போட்டிருந்தான்.

"இவனுங்க யாருடா, ரெண்டு பீரோ மாதிரி?"

"ஜிம்முல கூட இருக்கறவங்க அக்கா. உதவிக்கு..."

"எவனாவது என்மேல கை வச்சான், கையை ஒடிச்சுடுவேன்."

"என்ன சொல்றாங்க?" என்று மலை கேட்டான். நலம் விசாரிக்கிறாள் என்று சொல்லிவிடலாமா என்று தையற்காரருக்கு ஒரு நொடி சபலம். வேண்டாம், ஒரு பொய்யே இவ்வளவு கனக்கிறது. "தொட்டா கையை ஒடிச்சுடுவாங்களாம்" என்றார். இருவரும் மரியாதையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

அக்கா முணுமுணுத்துக்கொண்டே தம்பியின் முதுகில் ஏறினாள். முதல் மாடி அருமையாகப் போனது. பயிற்சியாளர் பின்னால் நின்று, "அப்படித்தான்! மூச்சை விடுங்க! இன்னும் ஒண்ணு!" என்று கத்தினான். "இவன் ஏன்டா உன்னை அதட்டறான்?" என்று முதுகிலிருந்து அக்கா கத்தினாள். மாடி வந்ததும் மலை நாற்காலியைப் போட்டான். அக்கா ராணி மாதிரி உட்கார்ந்து இளைப்பாறினாள். அவள் எதற்கு இளைப்பாறினாள் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது தையற்காரரின் சட்டை நனைந்து, கால் இரண்டும் தையல் மிஷின் ஊசி மாதிரி வெடவெடத்தன. மூட்டை ஒருநாளும் முதுகில் இருந்துகொண்டு வீட்டு வாடகை, மாமியார் உடல்நலம், பக்கத்து வீட்டுக்காரி சண்டை எல்லாம் பேசியதில்லை. மூன்றாவது மாடிக்குக் குனிந்தார். அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். சாமியைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"என்னடா, கரண்ட் போயிடுச்சா?"

 அக்கா எட்டி அவர் முகத்தைப் பார்த்தாள். வியர்வையோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது.

அவள் மெல்லக் கையை எடுத்துக்கொண்டு ஊன்றுகோலைக் கேட்டாள். "எழுந்திரு. தோளைக் கொடு. அது போதும்."

"உன்னால முடியாது அக்கா."

"ஒரேயடியா மூணு மாடின்னா முடியாது. ஒண்ணுன்னா பாக்கலாம். எனக்கென்ன அவசரம், மேல பஸ்ஸா போயிடப் போகுது?"

தம்பியின் தோளில் ஒரு கை, ஊன்றுகோலில் ஒரு கை. ஒரு படி, ஒரு முனகல், ஒரு திட்டு. பின்னால் மலை கையை அகல விரித்துக்கொண்டு, அவளைத் தொடாமல், விழுந்தால் பிடிக்க மட்டும் என்று சுவர் மாதிரி ஏறிவந்தான். முன்னால் மனைவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஏறினாள். பயிற்சியாளர் இப்போது சத்தம் போடவில்லை. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். கடைசிப் படியில் அக்கா கால் வைத்ததும் அவனால் அடக்க முடியவில்லை. "சூப்பர் அக்கா!" என்று துள்ளினான்.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி முடித்த பிறகு அக்கா சொன்னாள்: "பைத்தியக்காரா. படி இருக்கு, ஆனா பின்னாடி நிக்க ஆள் இருக்குன்னு நீ சொல்லியிருந்தாலே நான் வந்திருப்பேன்."

தையற்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முட்டியும் இப்போது அக்கா முட்டியைப் போலவே வலித்தது.

"பீரோ ரெண்டும் ஏன் நிக்குது? உக்காரச் சொல்லு" என்றாள் அக்கா. மனைவி எல்லாருக்கும் சாப்பாடு போட்டாள். மலை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். அக்காவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் விடிந்ததும் தையற்காரர் எழுந்து வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அக்கா குளித்து முடித்து, நல்ல புடவை கட்டி, கைப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டே?"

"கோயிலுக்கு. இங்க இருக்கிறவரைக்கும் தினமும் போறதா நேத்து அந்தக் கடைசிப் படியில வேண்டிக்கிட்டேன்."

தையற்காரர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். ஏறுவதற்குத்தான் இத்தனை நாளும் பழகியிருந்தார். போனை எடுத்தார்.

"தம்பி," என்றார் பயிற்சியாளரிடம், "தூக்கத்தைக் கெடுத்துட்டேனா? ஒண்ணுமில்லை... இறங்கறதுக்கு என்ன பயிற்சி?"